இலவசச் செயலிகள் நம் விவரங்களை வைத்துச் சம்பாதிப்பதை எப்படிக் குறைப்பது: படிப்படியான வழிகாட்டி

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள், சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பி வந்து இங்கே நம்பர் எடுத்தவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். குறுவை அறுப்பு சமயத்தில் நெல் விலை பார்க்க அம்மா ஒரு இலவசச் செயலியை இறக்கினார். அடுத்த வாரத்திலிருந்து டிராக்டர் கடன், நகைக் கடன், நிலம் வாங்கல் விற்றல் என்று அழைப்பு மேல் அழைப்பு. யாரிடம் கேட்பது, எந்தக் காகிதத்தைக் காட்டுவது, எவ்வளவு நாள் ஆகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் வேறொரு அலுவலகத்தைக் கை காட்டியது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். போனில் செய்யவேண்டிய வேலை ஒரு முற்பகலில் முடிந்துவிடும். எழுதிக் கேட்பவற்றுக்குப் பதில் வரத்தான் நாள் ஆகும்.

போனில் வரும் தலைப்புகளை ஆங்கிலத்தில் எப்படி இருக்குமோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் போன் தமிழில் இருந்தால் சொற்கள் மாறும், இடம் மாறாது. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரண்டு தலைப்பு முன்பின்னாக இருக்கலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்தால் கிடைத்துவிடும்.

1. யார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இதைப் பிரிக்காவிட்டால் தவறான இடத்தில் புகார் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு வகை உண்டு.

முதல் வகை, விளம்பரத்தில் வாழும் பெரிய நிறுவனங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97க்கு மேல் விளம்பரப் பணம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு அதே ஆண்டில் நூற்றுக்கு 77 பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. இவர்கள் உங்கள் பெயரையும் நம்பரையும் பட்டியலாக எழுதி விற்பதில்லை. நீங்கள் தேடியது, பார்த்த வீடியோ, போன ஊர், நின்று படித்த பதிவு எல்லாவற்றையும் வைத்து ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்று ஒரு கணிப்பு போடுகிறார்கள். ‘திருவாரூர் சுற்றுவட்டாரத்தில், விவசாயத்தில் ஆர்வமுள்ள, 40 வயது தாண்டியவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு’ என்று ஒருவர் பணம் கட்டினால் அதை உங்கள் திரையில் காட்டுகிறார்கள். பல இணையப் பக்கங்களில் உங்கள் கண் முன் வரும் அந்த விளம்பர இடம், பக்கம் திறக்கிற நொடிக்குள் ஏலம் போய்விடுகிறது.

இரண்டாம் வகை, நம்பரைத் திரட்டி விற்கிறவர்கள். இலவச விலைப் பட்டியல், இலவச ஜாதகம், இலவச மாதிரித் தேர்வு, ‘உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பாருங்கள்’ போன்றவற்றில் பல இந்த ரகம். இங்கே உங்கள் பெயர், நம்பர், ஊர், எதற்காக வந்தீர்கள் என்பது அப்படியே கடன் முகவருக்கும் பயிற்சி மையத்துக்கும் கைமாறும். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் கல்லூரிகளிலிருந்து சரம்சரமாக அழைப்பு வருவதற்கு இதுவும் ஒரு வழி.

முதல் வகையைப் போனிலேயே அடக்கலாம். இரண்டாம் வகைக்கு நம்பரைக் காப்பாற்ற வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும். நம் போன் ஒட்டுக்கேட்கிறது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். தேடல், இருப்பிடம், தொடர்புப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கும்போது அவர்களுக்கு மைக் தேவையே இல்லை. கவனத்தை இந்த மூன்றின் மேல் வையுங்கள்.

2. உட்காரும்முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அட்டை, ஆதாரோடு இணைந்த நம்பர் உள்ள போன், பான் அட்டை, கடவுச்சொல் தெரிந்த ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு நோட்டு. இவ்வளவுதான். நோட்டில் தேதி, எந்த நிறுவனம், என்ன கேட்டோம், புகார் எண் என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வருகிற அழைப்புகளையும் எஸ்எம்எஸ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். தேதியும் நேரமும் தெரியவேண்டும், இல்லாவிட்டால் அது புகாருக்கு உதவாது.

ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு வாருங்கள். ஆதார் மையத்தில் நம்பர் மாற்ற 75 ரூபாய், ஆவணம் எதுவும் வேண்டாம். இதைத் தள்ளிப் போட்டால் பின்னால் வரும் படிகளில் பாதி நடக்காது.

3. கூகுள் கணக்கு

ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ், கூகுள், மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட், டேட்டா அண்ட் பிரைவசி என்று போங்கள். எடுத்தவுடனே எதையும் அணைக்காதீர்கள். முதலில் மை ஆட் சென்டர் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களைப் பற்றிய கணிப்பு அங்கே வரிசையாக இருக்கும். திருமணம் ஆனவரா, வீட்டு வருமானம் எந்த அளவு, எவ்வளவு படித்தவர், என்ன தொழில், சொந்த வீடா வாடகை வீடா, குழந்தை உண்டா. அம்மாவின் போனில் அதைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அதுவரை “ஃப்ரீதானே, என்ன போகப்போகுது” என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பெரியவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். மை ஆட் சென்டரின் மேலே பெர்சனலைஸ்டு ஆட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். திரும்பி வந்து வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி, டைம்லைன், யூடியூப் ஹிஸ்டரி மூன்றையும் திறங்கள். டைம்லைன் என்பது நீங்கள் போய்வந்த இடங்களின் கணக்கு, அது தேவையில்லை. மற்ற இரண்டையும் முழுக்க அணைக்க மனமில்லை என்றால் ஆட்டோ டிலீட்டில் 3 மாதம் வையுங்கள். அங்கே 3, 18, 36 என்று மூன்று தெரிவு இருக்கும். புதுக் கணக்குகளுக்கு அவர்களாக வைத்துத் தருவது வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டிக்கு 18, யூடியூப் ஹிஸ்டரிக்கு 36.

அடுத்தது விளம்பர அடையாள எண். செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போனால் டிலீட் அட்வர்டைசிங் ஐடி என்று இருக்கும். வெவ்வேறு செயலிகள் ‘இது அதே ஆள்தான்’ என்று கண்டுகொள்ள உதவுவது இந்த எண்தான். அழித்துவிடுங்கள். போனில் எதுவும் வேலை செய்யாமல் போகாது. ஆண்ட்ராய்ட் 12க்குக் கீழே உள்ள பழைய போனில் அழிக்கும் வசதி இல்லாமல் இருக்கலாம், அப்போது ரீசெட் செய்வதும் ஆட்ஸ் பெர்சனலைசேஷனிலிருந்து விலகுவதும் இருக்கும், அதைச் செய்யுங்கள்.

இவை எல்லாம் செய்த பிறகும் விளம்பரம் வரும். எண்ணிக்கை குறையாது, உங்களைக் குறிவைத்து வருவது குறையும். விளம்பரம் நிற்கவில்லையே என்று நினைத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடாதீர்கள்.

4. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்

பேஸ்புக் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் சென்டருக்குப் போய், யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பர்மிஷன்ஸ் பகுதியில் யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ் என்பதைத் திறங்கள். பேஸ்புக்குக்கு வெளியே நீங்கள் பயன்படுத்திய செயலிகளும் கடைகளும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பியவற்றின் பட்டியல் அது. பழையதை கிளியர் செய்துவிட்டு, இனி வருவதை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். இரண்டும் தனித்தனி. ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்கள் நிறைய.

கணக்கையே வேண்டாம் என்று முடிவு செய்தால் முதலில் டவுன்லோடு யுவர் இன்ஃபர்மேஷன் மூலம் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். டிஆக்டிவேட் வேறு, டிலீட் வேறு. டிஆக்டிவேட் செய்தால் கணக்கு கண்ணுக்கு மறையும், விவரம் அங்கேயே இருக்கும். டிலீட் கொடுத்தால் 30 நாள் காத்திருப்பார்கள். இடையில் ஒரு முறை உள்ளே நுழைந்து டிலீட்டை ரத்து செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 30 நாள் கழிந்த பின் முழுதும் அழிய 90 நாள்வரை ஆகலாம்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவதும் பேசுவதும் பூட்டப்பட்டுத்தான் போகின்றன, நிறுவனத்தால் படிக்க முடியாது. யாரோடு, எப்போது, எந்தக் குழுவில் என்பது அவர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் பயனர் விவரங்களை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர்வதற்கு 2021இல் மக்களைச் சம்மதிக்க வைத்த விதத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, அது மேல்முறையீட்டுக்கும் போனது. நாம் செய்யக்கூடியது: பிரைவசியில் குரூப்ஸ், புரொஃபைல் போட்டோ இரண்டையும் மை கான்டாக்ட்ஸ் என்று வையுங்கள். முகம் தெரியாதவர்கள் உங்களைக் குழுவில் சேர்த்தால் அந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் உங்கள் நம்பர் கிடைத்துவிடும். பி.எம். கிசான் பணம் வந்திருக்கிறது என்று சொல்லி ஒரு ஃபைலை அந்தக் குழுக்களில்தான் அனுப்புகிறார்கள். பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது போனில் ஒரு செயலியை ஏற்றும் ஃபைல், தொடவே தொடாதீர்கள்.

5. செயலிகளின் அனுமதிகள்

செட்டிங்ஸ், பிரைவசி, பர்மிஷன் மேனேஜர். இங்கே செயலி வாரியாகப் பார்க்காமல் அனுமதி வாரியாகப் பாருங்கள். கான்டாக்ட்ஸ் என்பதைத் திறந்தால் உங்கள் தொடர்புப் பட்டியலை யார் யார் எடுக்கிறார்கள் என்று தெரியும். டார்ச், காலண்டர், விளையாட்டு, விலை பார்க்கும் செயலி எதற்கும் அது தேவையில்லை. கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், கால் லாக், லொகேஷன், இந்த நான்கையும் முடித்தால் போதும். மழை, காற்று பார்க்கும் செயலிக்கு இருப்பிடம் வேண்டும், அதற்கும் ஒன்லி வைல் யூசிங் என்று கொடுங்கள். துல்லியமான இடம் கேட்டால் மறுத்து, ஏறத்தாழ இடம் மட்டும் கொடுங்கள். உங்கள் ஊரில் மழை வருமா என்று சொல்ல உங்கள் வீட்டு வாசல்வரை தெரியவேண்டியதில்லை.

புதுச் செயலி இறக்கும்முன் பிளே ஸ்டோரில் டேட்டா சேஃப்டி என்ற பகுதியைப் படியுங்கள். என்ன எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், அழிக்கச் சொல்ல வழி உண்டா என்று போட்டிருக்கும். அதை எழுதுவது செயலிக்காரரே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

6. போன் நம்பர்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு படிதான். பெயர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும், நம்பர் இருக்காது. துணிக்கடை பில்லில் உள்ள நீங்களும், கடன் செயலியில் உள்ள நீங்களும், பேஸ்புக்கில் உள்ள நீங்களும் ஒரே ஆள் என்று கோர்க்க அவர்களுக்கு உதவுவது நம்பர். தலைமதகைத் திறந்து வைத்துக்கொண்டு வயல் வரப்பில் மண் போட்டுப் பயனில்லை. நம்பரைப் பாதுகாக்காமல் செயலி செயலியாக அடைப்பதும் அப்படித்தான்.

ஆகவே இரண்டு நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நம்பர் ஆதார், வங்கி, ரேஷன் அட்டை, கேஸ், பட்டா சிட்டா வேலைகள், நேரடி நெல் கொள்முதல் நிலையப் பதிவு, பள்ளிக்கூடம். இந்த இடங்களில் நம்பர் கொடுக்கத் தயங்க வேண்டாம், அங்கே தவறான நம்பர் கொடுத்தால் நெல் போட்ட பணத்துக்கு எஸ்எம்எஸ் வராமல் நீங்கள்தான் அலைவீர்கள். இரண்டாவது நம்பர் கடைகள், ஆன்லைன் வாங்கல், புதுச் செயலிகள், கண்காட்சிக் குலுக்கல் சீட்டுகள். உறவினர்கள், நண்பர்கள் எதில் பேசினாலும் சரி, ஆனால் முதல் நம்பரை விளம்பரச் செயலி எதிலும் போடக்கூடாது.

செலவு: இரண்டாவது சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் ஆகும், இந்த வழிகாட்டியில் பெரிய செலவு அது ஒன்றுதான். பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான, டேட்டா இல்லாத பிளான் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ரீசார்ஜ் கடையில் டேட்டா பிளானைத்தான் முதலில் சொல்வார்கள். “டேட்டா வேண்டாம், வாய்ஸ் மட்டும் உள்ளது எது” என்று கேட்டு வாங்குங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்ட் சிம் நிறுத்தப்படும். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிப்பார்கள். நிறுத்திய நம்பர் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கி ஓடிபியும் ஆதார் ஓடிபியும் அதன்பின் அவருடைய போனில் வரும். ஊரை விட்டுக் கிளம்பும்முன் அந்த சிம்மை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நம்பர் ஏற்கெனவே பரவிவிட்டதா? அதற்கு மூன்று வேலை.

ஒன்று, விளம்பர அழைப்புகளையும் எஸ்எம்எஸ்களையும் தடுக்கும் டிஎன்டி. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, பூஜ்யம் போட்டு 1909க்கு அனுப்புங்கள். அந்த எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம். வங்கி ஓடிபி நிற்காது, பயப்பட வேண்டாம். அதன் பிறகும் விளம்பர அழைப்பு வந்தால் 7 நாளுக்குள் டிராய் டிஎன்டி செயலியிலோ 1909இலோ புகார் செய்ய வேண்டும். 7 நாள் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், ஜி என்றால் அரசு. பத்து இலக்கச் சாதாரண நம்பரிலிருந்து வங்கி என்று சொல்லிக்கொண்டு எஸ்எம்எஸ் வந்தால் அது வங்கி இல்லை.

இரண்டு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று நம்பரும் ஓடிபியும் கொடுத்துப் பார்க்கலாம். நீங்கள் வாங்காதது இருந்தால் நாட் மை நம்பர் கொடுங்கள். சிம் வாங்கக் கொடுத்த ஆதார் நகலில் இன்னொரு சிம் எடுத்திருப்பது அரிதான விஷயமில்லை. மோசடி அழைப்புகளுக்கு அதே தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது.

மூன்று, அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி. நீங்கள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும், உங்கள் நம்பரைச் சேமித்தவர்கள் மூலம் பெயர் அங்கே போயிருக்கலாம். கணக்கு இருந்தால் முதலில் செயலிக்குள் டிஆக்டிவேட் செய்துவிட்டு, பிறகு அவர்கள் தளத்தில் அன்லிஸ்ட் பக்கத்தில் நம்பரைக் கொடுங்கள். ஒரு நாளில் எடுத்துவிடுகிறார்கள்.

கும்பகோணம் பெரிய தெருவிலோ தஞ்சாவூரிலோ துணி வாங்கும்போது பில் போடுகிறவர் நம்பர் கேட்பார். கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நம்பர் இல்லாமல் பில் போட மாட்டேன் என்று கடைகள் சொல்லக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள்.

7. ஆதார் நகல்

மை ஆதார் தளத்தில் நுழைந்து டவுன்லோடு ஆதார் கொடுக்கும்போது மாஸ்க்டு ஆதார் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற நகல் வரும். கட்டணம் இல்லை. ஃபைலைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. லாட்ஜ், வாடகை வீடு, கூரியர் போன்ற இடங்களுக்கு இந்த நகல் போதும்.

எங்கள் பக்கத்தில் விவரம் கசிவது போனில் மட்டுமில்லை. ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி பிரின்ட் எடுக்கிறோம். அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் சுற்றுவட்டாரத்து ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், அடங்கல் எல்லாம் மாதக்கணக்கில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அழிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அனுப்பினால் பிரின்ட் கைக்கு வந்ததும் டிலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுங்கள். சுமார் இரண்டு நாளுக்குப் பிறகு அந்த வசதி போய்விடும். பிரின்ட் எடுக்கும்போது டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் குறுக்காகப் பேனாவில் எழுதிவிடுங்கள்.

அதே தளத்தில் ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி என்று இருக்கும். கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கெல்லாம் சரிபார்த்தார்கள் என்று காட்டும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி பூட்டும் பயோமெட்ரிக் லாக்கையும் போட்டுவிடுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறவர்கள் போடவேண்டாம், அங்கே நின்றுகொண்டு அன்லாக் செய்வது கஷ்டம்.

8. கடன் செயலிகள்

இவைதான் அதிக விலை கொடுக்க வைப்பவை. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையோ, அழைப்புப் பதிவையோ, போட்டோக்களையோ எடுக்கவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடு. கான்டாக்ட்ஸ் கேட்கிற கடன் செயலியைப் பார்த்தாலே விதி மீறல் என்று தெரிந்துகொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் டிஜிட்டல் கடன் செயலிகள் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது, இறக்கும்முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றைப் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் செய்யலாம். மிரட்டல், பணம் பறிபோனது என்றால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் விவரத்தை வைத்து வேறொருவர் கடன் வாங்கியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நான்கையும் மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். பான், பிறந்த தேதி, நம்பர், மின்னஞ்சல் வேண்டும். ஃப்ரீ ஆனுவல் ரிப்போர்ட் என்ற சொல்லைத் தேடிப் போங்கள், மாதக் கட்டணப் பக்கம் வந்தால் பின்னால் வாருங்கள். ‘இலவச சிபில் ஸ்கோர்’ தருகிற வேறு செயலிகள் வேண்டாம், கடன் விற்கிறவர்களில் பலருடைய வாசல் அதுதான். தெரியாத கடன் இருந்தால் டிஸ்ப்யூட் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

9. எழுத்தில் கேட்பது

செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் உங்கள் போனிலிருந்து அது போகும், அவர்களிடம் உள்ள உங்கள் விவரம் போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வரிசை இதுதான்: முதலில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அடுத்து அழிக்கச் சொல்லுங்கள், பதில் வந்த பிறகு அன்இன்ஸ்டால்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் குறைதீர் அதிகாரியின் பெயரையும் மின்னஞ்சலையும் போடவேண்டும். பிரைவசி பாலிசியின் அடிப்பகுதியில் கிரீவன்ஸ் ஆஃபிசர் என்று தேடுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம். உங்கள் செயலியில் இந்த மொபைல் எண்ணில் எனக்குக் கணக்கு உள்ளது. என்னைப் பற்றி எந்தெந்த விவரங்களை வைத்திருக்கிறீர்கள், அவற்றை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். விளம்பரத்துக்காகவும் பிறருக்குக் கொடுப்பதற்காகவும் நான் தந்த சம்மதத்தை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். கணக்கையும் விவரங்களையும் அழித்து, அழித்த தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். விவரம் பெற்றவர்களுக்கும் இதைத் தெரிவிக்கவும்.”

தமிழில் எழுதலாம். கீழேயே ஆங்கிலத்திலும் எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது, வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவின் நம்பரை வைத்திருந்தவர்கள் முதல் கடிதத்துக்கு வாயே திறக்கவில்லை. விதி எண்ணும் கெடுவும் போட்டு நினைவூட்டல் அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள். ஆகவே கெடுவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி விவரம் திரட்டும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சமூக வலைத்தளங்கள் போன்ற இடைத்தரகர்கள் 2021 விதிகள்படி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், தீர்வு 7 நாளைத் தாண்டக்கூடாது (2026 பிப்ரவரிக்கு முன் இது 15 நாளாக இருந்தது). திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிட வலுவானது. என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, திருத்த, அழிக்க, சம்மதத்தைத் திரும்பப் பெற உரிமை தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குறிவைத்த விளம்பரம் கூடாது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு அங்கிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பழைய விதிகளைக் காட்டியே கேளுங்கள்.

இரண்டு தடங்கல் வரும். அடையாளத்தைச் சரிபார்க்க ஆதார் நகல் அனுப்புங்கள் என்பார்கள். ஓடிபி அனுப்புங்கள், அதே நம்பரில் சொல்கிறேன் என்று பதில் எழுதுங்கள். விவரத்தை அழிக்கச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு விவரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. மற்றது, அங்கே கடன் வாங்கியிருந்தால் அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்த பின்னும் 5 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது, அதை அழிக்க மாட்டார்கள். அப்போதும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதையும் பிறருக்குக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லலாம்.

உங்கள் டேட்டாவை எல்லா இடத்திலிருந்தும் நீக்கித் தருகிறோம், 500 கொடுங்கள், 1,000 கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாம் நாமே இலவசமாகச் செய்யக்கூடியவை. தவிர, அவர்கள் வேலையைத் தொடங்கவே உங்கள் ஆதாரையும் ஓடிபியையும் கேட்பார்கள்.

10. பழைய போனை மாற்றும்போது

எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்முன் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்து, புதுப் போனில் திறந்து வருகிறதா என்று பாருங்கள். வங்கிச் செயலிகளும் யுபிஐயும் புதுப் போனில் வேலை செய்யவேண்டும். அப்புறம் பழைய போனில் கூகுள் கணக்கை ரிமூவ் செய்து, ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். இந்த வேலையைக் கடைக் கவுண்டரில் வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அவசரப்படுத்துவார்கள். வீட்டிலேயே முடித்துவிட்டு வெறும் போனாகக் கொண்டுபோங்கள். திரை உடைந்து ரீசெட் செய்ய முடியாத போன் என்றால் எக்ஸ்சேஞ்ச் பணத்துக்காகக் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.